நெய்க்காரப்பட்டியில் ஸ்டெல்லா அக்கா பாடிய ஒரே ஒரு சொந்தப் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து நெய்க்காரப்பட்டிக்குப் போய் வந்தேன். காரணம் ஸ்டெல்லா அக்கா. திண்டுக்கல் பக்கத்து அகரத்துக்காரர். தானே பாட்டெழுதி, மெட்டமைத்து, கிடாருடன் பாடி யூடியூபில் போடுபவர். நான்கு வருடத்தில் பதினொரு பாடல்கள். பதினொன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் மேடை ஏறினால் சினிமாப் பாட்டுதான் பாடச் சொல்வார்கள். இந்த முறை ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில், முதல் பாட்டு மட்டும் அவருடையதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். "புதுப் பாட்டு. இதையும் யாரும் கேக்கலைன்னா நிறுத்திடுறேன். திருப்பூர்ல ஆபீஸ் வேலை இருக்கு" என்று பதிவிட்டிருந்தார். கேட்கிற ஒரு ஆளாக நானாவது இருக்க வேண்டும் என்று அத்தாவை (அப்பாவை) இரண்டு நாள் நச்சரித்துக் கூட்டிப்போனேன்.

காலை 7.40க்குப் பேருந்து. பழநி வரை அறுபது கிலோமீட்டர், தலைக்கு ஐம்பது ரூபாய். 9.25க்கு இறங்கினோம். அங்கிருந்து நெய்க்காரப்பட்டிக்கு டவுன் பஸ், ஒன்பது கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அத்தாவுக்குப் பத்து ரூபாய்.

"பாய், இங்க என்ன விசேஷமுங்க?" என்றார் கண்டக்டர்.

"இவ ஒரு பாட்டு கேக்கணுமாம்ப்பா."

"பாட்டா? அது போன்லயே வருமேங்க!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்போது சிரிக்க முடிந்தது.

கடை வாசலில் பந்தல், சின்ன மேடை, என்னைவிட உயரமான இரண்டு ஒலிபெருக்கிகள். நூறு நாற்காலிகளுக்கு மேல் நிறைந்திருந்தன. 11.10க்கு ஸ்டெல்லா அக்கா மேடையேறிப் பாடத் தொடங்கினார். அறிவிக்க வேண்டிய தொகுப்பாளர் ஜெனரேட்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 'சாவி வைத்த இடம் தெரிகிறது, வீடுதான் தெரியவில்லை' என்று பல்லவி. அந்த 'வீடு' என்ற சொல்லில் அவர் குரல் கொஞ்சம் உடைந்து மறுபடி சேர்ந்தது. கையிலிருந்த நோட்டில் பல்லவியைக் குறித்துக்கொண்டேன்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலி அம்மா என் பக்கம் குனிந்து, "ஏங்கண்ணு, பாட்டு எப்ப ஆரம்பிக்குதாம்?" என்றார்.

"பாடிட்டுத்தானே இருக்காங்க!"

"இது மைக் பாக்கறாங்க சாமி. பாட்டுன்னா மியூசிக் வருமில்ல?"

அப்போதுதான் புரிந்தது. இந்த மாதிரி விழாக்களில் நிகழ்ச்சிக்கு முன்னால் யாராவது எதையாவது பாடி மைக் சரிபார்ப்பார்கள். சினிமாப் பாட்டின் இசை அதிர்ந்தால்தான் ஆரம்பம் என்று அர்த்தம். ஓடிப்போய்த் தொகுப்பாளரிடம் சொல்லியிருக்கலாம். எழுந்தால் ஒரு வரி தவறிவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்தது. நான் கை தட்டினேன், எனக்காக அத்தாவும் தட்டினார். தொகுப்பாளர் மூச்சிரைக்க மேடைக்கு வந்து, "சவுண்டு ஓகேவாண்ணே? சூப்பர்! இப்ப நம்ம நிகழ்ச்சி ஆரம்பம்!" என்றார். ஸ்டெல்லா அக்கா கிடாரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு ஒன்றரை மணி நேரம் சினிமாப் பாட்டுகள். நன்றாகத்தான் பாடினார். எல்லோரும் விசிலடித்தார்கள்.

12.50க்கு மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பார்த்தேன்.

"அக்கா, முதல்ல பாடுனது மைக் டெஸ்டிங் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"கேட்டியா, அப்பு? முழுசாவா?" முகம் சற்று நேரம் மலர்ந்தது. "ரெக்கார்ட் பண்ணுனியா?"

"இல்லக்கா. கவனம் சிதறக் கூடாதுன்னு போனை அத்தாகிட்ட குடுத்துட்டேன்."

"ம்... அது எங்கயும் போடாத பாட்டு. சரி, விடு. நாளைக்குக் காலைல திருப்பூர் போறேன்." கிடார் உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் டவுன் பஸ் 1.30க்கு, அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பழநியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். யாருடைய சொந்தப் பாட்டையாவது கேட்கப் போனால் முன்கூட்டியே போய்த் தொகுப்பாளரிடமும் சவுண்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள். தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

வரும் வழியில் பஸ்ஸில் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அதில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு கலந்துவிட்டது. திண்டுக்கல்லில் இறங்கியபோது பல்லவியின் சொற்கள் மட்டும் நோட்டில் இருந்தன. மெட்டு என்னிடம் இல்லை.