மூடி வைத்த கோப்பை

என் மகள் அவசரக்காரி. ஏழாம் மாதமே வந்துவிட்டாள். எடை மூன்று றாத்தல் பாணுக்குச் சமம், ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவளுக்கு உறிஞ்சத் தெரியாது. நான் கையால் பால் எடுத்துக் கொடுத்தால் தாதி அதைக் குழாய்வழி விடுவார்.

பால் எடுப்பதற்கென்றே அந்தக் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருந்தது. சுற்றிவர கதிரைகள். இந்த நாட்டில் எல்லா இனத்தவரும் சண்டையில்லாமல் சட்டை கழற்றி உட்கார்ந்திருந்த இடத்தை அங்கேதான் பார்த்தேன். எப்படி எடுப்பது என்று முதல்நாளே தாதி காற்றில் கையால் நசுக்கிக் காட்டிச் சிங்களத்தில் கடகடவென்று விளக்கினார். இதே கொழும்பில், வெள்ளவத்தையில் வளர்ந்தவள் நான், சிங்களம் விளங்கவில்லை என்று சொல்வேனா? "ஹரி மிஸ்" என்று தலையாட்டிவிட்டேன்.

மாமி, அதாவது கணவரின் தாய், தினமும் மத்தியானம் பால்சுறா மீனை உதிர்த்து வறுத்த வறையோடு வருவார். அதைத் தின்றால் பால் சுரக்குமாம். கூடவே ஒரு கட்டளை.

"பிள்ளை, கோப்பையை மூடி வை. ஆராவது கண் வைச்சு நாவூறு பட்டால் பால் வத்திப்போகும்."

நான் முகம் துடைக்கும் லேஞ்சியால் மூடி வைத்தேன். உள்ளே மூன்று துளிதான் இருந்தது என்பது வேறு கதை. அந்த லேஞ்சி எனக்கு வசதியாகப் போயிற்று. மற்றவர்கள் கோப்பைகளை ஒப்பிட்டுச் சிரிக்கும்போது நான் பெரிய பணக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் துளிகளே போதும் என்றார் தாதி. மூன்றாம் நாள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அம்மா, பின்னேரம் அஞ்சு மில்லி வேணும். இல்லாட்டி டின் பால்மாதான்."

போய் உட்கார்ந்து காம்பைப் பிடித்து நசுக்கு நசுக்கென்று நசுக்கினேன். கண்ணீர்தான் வந்தது. பக்கத்துக் கதிரையில் மாளிகாவத்தைக்காரி ஒருத்தி, இரட்டைப் பிள்ளைக்காரி, கேளாமலே என் லேஞ்சியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அல்லாவே! இதையா புள்ள மூணு நாளா மூடி வெச்சீங்க? நான் பொறாமையில செத்துட்டேன்!"

அறையே சிரித்தது. எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அவளோ என் கையைப் பிடித்து, காம்பை விட்டு, பின்னால் இருந்த கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் விரல்களை வைத்தாள்.

"அங்க நசுக்கினா எப்பிடி வரும்? மொதல்ல நெஞ்சுப் பக்கமாத் தள்ளுங்க. பொறகு அமத்துங்க."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு துளி. பிறகு துளிகள். அரை மணித்தியாலத்தில் ஐந்து மில்லி. வருடக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கியபோதுகூட நான் இவ்வளவு திமிரோடு நடந்ததில்லை. கோப்பையைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வராந்தாவில் போனேன்.

பார்வையாளர் வரிசையில் நின்ற மாமி பதறினார். "மூடு பிள்ளை! எல்லாரும் பாக்கினம்!"

"பாக்கட்டும் மாமி."

பிள்ளையின் பெட்டியருகே தாதி பாலைக் குழாயில் விட்டார். அது மெல்ல மெல்ல இறங்கியது. உறிஞ்சத் தெரியாது என்று நான் நினைத்திருந்த என் மகள், வெறும் வாயைக் குவித்துச் சப்பினாள். நான் வாய்விட்டு அழுதேன்.

"சுறா வேலை செய்துபோட்டுது," என்றார் அறையின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்ற மாமி. அவரும் அழுதுகொண்டிருந்தார். லேஞ்சியை அவரிடம் கொடுத்தேன்.