வீரனுக்கு விட்ட சேவல்

எங்கள் கூலி லயத்துக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிழுத்துச் செத்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. துரை பங்களாவின் வெள்ளைக் கோழிகளும் அப்படியே செத்த பிறகுதான் ஜொகூர் பாருவிலிருந்து மாட்டு டாக்டர் ரயிலேறி வந்தார். கோழிக்கு மாட்டு டாக்டரா என்று லயமே சிரித்தது. செடெனாக் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு, மனிதர்களைப் பார்க்கக்கூட எந்த டாக்டரும் அவ்வளவு விரைந்து வந்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர் அவர். அவர் வந்து சேர்வதற்குள் எங்கள் வரிசையில் மிஞ்சியது ஒரே சேவல். அதுவும் எங்களுடையது, சரியாகச் சொன்னால் மதுரைவீரனுடையது. முந்தின வருஷம் எனக்குக் கக்குவான் கண்டு மூச்சு நின்று நின்று வந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஆடியில் சேவல் அறுக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பிழைத்தேன். குஞ்சிலேயே சாமிக்கு விட்ட அந்தச் சேவல் ராஜா வீட்டுக் கன்றுக்குட்டியாக வளர்ந்தது. எனக்குக் கிடைக்காத சலுகையெல்லாம் அதற்குக் கிடைத்தது. ஆடி நெருங்குகிற நேரத்தில் அதுவும் கழுத்தை நீட்டி, கொர் கொர் என்று இழுக்கத் தொடங்கியிருந்தது.

டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார், கொண்டையைத் தடவினார். பிறகு அதன் முதுகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தொண்டையில வெள்ளை இல்லை. அம்மையும் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு நோயும் இது இல்லை," என்றார். "செத்ததுகளை வெட்டிப் பாத்தும் பிடிபடேல்லை. உயிரோட ஒண்டைக் கொண்டுபோய்ச் சோதிக்கோணும்."

அப்பா பதறினார். "வீரனுக்கு விட்டதுங்க. குடுத்தா சாமி குத்தமாயிடும்."

அம்மா சேவலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இது புள்ளைங்களுக்கு ஒட்டுமாங்க? போன வருஷம் இவளும் இப்படித்தான் இழுத்தா."

"தெரியாது, தங்கச்சி. சோதிச்சாத்தான் சொல்லலாம்."

அம்மா தானே சேவலைப் பிடித்து, காலைக் கட்டி, கூடையில் வைத்து அவரிடம் கொடுத்தாள். வீரனிடம் என்ன சொல்லிச் சமாளித்தாளோ, தெரியாது. சேவல் குணமாகித் திரும்பி வரும் என்று நம்பி, ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடினேன்.

சேவல் வரவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மூலம் செய்திதான் வந்தது. இது புதுச் சீக்காம், இன்னும் பேர்கூட வைக்கவில்லையாம், மனிதருக்கு ஒட்டுமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். டாக்டருக்கே தெரியாத நோய் எங்கள் சேவலுக்கு வந்ததில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு, பால் வெட்டப் புறப்படுமுன் அம்மா என்னை எழுப்பாமல் என் மார்பில் காதை வைத்துக் கேட்பாள். மாட்டு டாக்டர் விளையாட்டு என்றே நினைத்தேன். ஒருநாள் விழித்தபடியே படுத்திருந்து, அவள் காது பட்டதும் கழுத்தை நீட்டி, கொர் கொர் என்று அந்தச் சேவலைப் போலவே இழுத்துக் காட்டினேன்.

"வீரா," என்றாள் அம்மா.

நான் கலகலவென்று சிரித்தேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அடித்த கையாலேயே என்னை இழுத்து இறுக்கிக்கொண்டு, வேலைக்கு ஆள் கூப்பிடும் மணி அடித்தும் எழாமல் அழுதாள். நானும் அழுதேன். அவ்வளவு நன்றாக இழுத்துக் காட்டியதற்கு எதற்கு அடி என்று எனக்குப் புரியவில்லை.