புத்தகத்தை எங்கே மூடினாய்?

சிராங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டகைகளுக்கு நடுவே, ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் பெண்பிள்ளைப் பள்ளி நடந்தது. நான் அங்கே வாத்தியாரம்மா. ஜன்னலைத் திறந்தால் சாணி நாற்றம், மூடினால் புழுக்கம். இரண்டில் எது தேவலை என்று வேலை பார்த்த காலம் முழுக்க என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

சென்னையிலிருந்து கப்பலில் கதைப்புத்தகங்கள் வந்தபோது ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். தாங்களாகப் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்றேன். அங்கேதான் வம்பு. எங்கள் பிள்ளைகளுக்குக் கருத்து என்றால், கதை முடிந்து கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நீதி. ஒவ்வொருத்தியாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "என்பதே இக்கதையின் கருத்து" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். உன் கருத்தைச் சொல்லடி என்று கத்தினேன். என் கருத்தும் அதுதான் என்று விழித்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுவாரம் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். படிக்கும்போது எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தாய், ஏன் மூடினாய் என்று கேட்டேன். அப்பாடா, வாய் திறந்தது. ஒருத்தி பேய் வந்த இடத்தில் மூடினாளாம். இன்னொருத்தி, கதையில் பணியாரம் சுட்டதும் பசி தாங்காமல் அடுப்படிக்கு ஓடினாளாம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு தஞ்சோங் பகார் பக்கம் கடை வைத்திருந்தவரின் மகள் எழுந்தாள். வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் அவள்தான். அவள் கொண்டுபோன கதையில், கடல் தாண்டிப் போன கணவனுக்காக மனைவி பல வருஷம் ஊரில் காத்திருக்கிறாள். அவனும் ஒருநாள் திரும்பி வருகிறான்.

"அவரு கப்பலவிட்டு எறங்குற எடத்துல மூடிட்டேன். இத்தன வருஷம் எங்க இருந்தாருன்னு புத்தகத்துல இல்ல. இங்கதான் இருந்திருப்பாரு. எங்க வீடு மாதிரி ஒரு வீட்டுல."

சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுடைய அப்பாவுக்கு நாகப்பட்டினத்தில் மூத்த மனைவி உண்டு. எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமலா இருப்பார்கள்? மறுநாள் காலையில் அவள் அப்பா வந்து நின்றார். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொன்னார். கோபித்துப் பேசியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். மனிதர் அத்தனை மரியாதையாகப் பேசினார். யாரிடமும் பணிந்து பழக்கமில்லாத நான், நல்ல பிள்ளை, படிப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் மகளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா படிச்சே? இவங்க முன்னாடியே சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். "பொறுமையோடு காத்திருக்கும் மனைவிக்கு நன்மை உண்டாகும் என்பதே இக்கதையின் கருத்து."

எங்கும் தட்டித் தடுமாறவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. ஊரார் பேச்சைக் கேட்டு வந்துவிட்டேன், இதுதான் படிப்பு என்றால் தாராளமாகப் படிக்கட்டும் என்று சொல்லிப் படியிறங்கினார்.  அவள் பள்ளியில் இருந்தால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. புதுப் புத்தகம் ஒன்றை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். எல்லோரையும் கேட்டதைப் போல அவளையும் கேட்டேன், எங்கே மூடினாய் என்று.

கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கயும் மூடல டீச்சரம்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டேன்."