இன்னும் ஒரு பட்டை

காலைத் தேத்தண்ணிக்கு முன்னர் சீவரத்தினம் தன் பிக்கப்பின் வால்பக்கத்தில் ஏறி நின்று மூன்று தரம் குதிப்பார். பிறகு இறங்கிக் குந்தி, காதில் செருகியிருக்கும் ஈர்க்கை எடுத்துப் பின்சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, இடைவெளி போதாது என்பதற்கு ஒரு சொல்தான் சொல்வார்.

"காணாது."

அந்த ஈர்க்கு அவர் மனைவி ஞானாம்பிகையின் விளக்குமாற்றில் இருந்து உருவியது. நேற்றையதும் அதிலிருந்துதான், முந்தாநாளையதும் அதிலிருந்துதான். மார்கழி பிறந்த கையோடு கட்டிய விளக்குமாறு பொங்கலுக்குள் பாதியாக மெலிந்துவிட்டது. முற்றம் கூட்டினால் குப்பை அப்படியே கிடக்க மண்ணில் கோடு மட்டும் விழுகிறது.

"இஞ்சாருங்கோ, ஒரே ஈர்க்கை வைச்சு அளக்கேலாதோ?"

"ஏலாதப்பா. வண்டியைத் தாங்குற வில்லு மாறினால் அளவு மாறும். பழைய ஈர்க்கு பழைய கணக்கைத்தான் சொல்லும்."

இப்படிப் பதில் சொல்கிற மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

இணுவில் தோட்டங்களில் விளையும் கத்தரி, வெண்டி, கோவாவைத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்றுவது அவருடைய தொழில். வண்டி முப்பது வருஷப் பழைய ஒஸ்ரின். சண்டையால் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலமாகையால் இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பார். அதில் நாலு துளியை எஞ்சினுக்குக் காட்டி உசுப்பி, அது உறுமத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். ஒரு ஆணியை இறுக்கினால் போய்க் கை கழுவி வந்து அதையே இன்னொருக்கால் இறுக்குவார். வீட்டுக் கதவைப் பூட்டினாலும் அப்படித்தான். கோயிலில் வீபூதி பூசினாலும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். ஞானாம்பிகையின் தங்கை பத்மாசினி, தெல்லிப்பழைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்து, ஏழு மாத வயிற்றோடு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்திருக்கிறாள். பொங்கல் முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அன்றைக்கு அறையை விட்டாகவேண்டும். ஞானாம்பிகையின் வீட்டிலோ ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. விறாந்தையில்கூட ஆள் படுக்கிறது.

புத்தூரில் ஒரு தோட்டத்து மூலையில் கரவன் ஒன்று நின்றது. கிணறு ஆராய வந்த வெள்ளைக்காரன் ஒருவன் பத்து வருஷத்துக்கு முதல் விட்டுப்போன சில்லு வைத்த வீடு. இரண்டு படுக்கை, ஒரு யன்னல், கதவடியில் ஒரு படி. தோட்டக்காரர் அதில் கோழி அடைத்திருந்தார். "கொண்டுபோறதெண்டால் கொண்டுபோ, எனக்குப் புகையிலை நடவேணும்" என்றார். சீவரத்தினம் கோழிப் பீயைச் சுரண்டிக் கழுவி, பிக்கப்பின் பின்னால் கொளுக்கி அடித்து, இழுத்துப் பார்க்கப் போனார். போனவர் வெறும் பிக்கப்போடு திரும்பி வந்தார்.

"பின்வில்லு படுத்திட்டுது," என்றார். "இன்னும் ஒரு பட்டை போட்டால் சரி."

அன்று தொடங்கியது. எரிந்துபோன பஸ் ஒன்றின் வில்லுப் பட்டைகள் எங்கோ கிடைத்தன. கொல்லப்பட்டறையில் கொடுத்து வெட்டி, துளை போட்டு, வளைவு ஏற்றி, பழைய ஐந்தின் கீழே ஆறாவதாகச் செருகினார். பிறகு ஏழாவது. பிறகு எட்டாவது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி நீளம் காணாமல் அதையும் புதிதாகச் செய்வித்தார். பொங்கலுக்கு முதல்நாள் ஒன்பதாவதும் ஏறியது. பாரம் இல்லாமல் ஓடினால் பிக்கப் இப்போது கட்டை வண்டியைவிட மோசமாகக் குதித்தது. சந்தைக்குக் கொண்டுபோன தக்காளி சந்தையில் சாறாக இறங்கியது.

கரவனின் மூக்குக் கொளுக்கியில் எவ்வளவு அமத்துகிறது என்பதை வெங்காய யாவாரியின் தராசில் நிறுத்து வைத்திருந்தார். ஒன்றே முக்கால் அந்தர், தொண்ணூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முன்வீட்டு ஆழ்வாப்பிள்ளையும் சரியாக ஒன்றே முக்கால் அந்தர் என்பது இணுவிலில் எல்லாருக்கும் தெரிய வந்தது அப்படித்தான்.

"அண்ணை, ஒருக்கா வந்து குந்துங்கோ."

"என்னை என்ன வெங்காயச் சாக்கெண்டே நினைச்சனி?" ஆழ்வாப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வால்பக்கம் ஏறுவார். "தேத்தண்ணியாவது வருமோ?"

"வரும். அரைப் பேணிதான். கூடக் குடிச்சால் கணக்குப் பிழைச்சுப்போம்."

ஈர்க்கு போகும், வரும். காணாது.

வில்லு ஒருபக்கம் இருக்க, வெளிக்கிடும்போது ஒருவர் "எங்கை போறாய்?" என்று கேட்டால் சீவரத்தினம் போகமாட்டார். எங்கள் பக்கம் அது சகுனப் பிழை. கேட்கத்தான் வேண்டும் என்றால் "தூரமோ?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் இதற்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அன்றைய நாளையே விட்டுவிடுவார். முதல்தரம் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பராசக்தி கேட்டாள். இரண்டாம்தரம் மீன்காரன் கேட்டான். மூன்றாம்தரம் ஆழ்வாப்பிள்ளையே வாய் தவறிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். மூன்று தரமும் சீவரத்தினம் வண்டியை நிற்பாட்டி, இறங்கி, சட்டையைக் கழற்றிப்போட்டு, வண்டிக்கு அடியில் படுத்தார்.

"தூரமோ எண்டு கேக்கத் தெரியாத சனம்," என்று அடியில் இருந்து சத்தம் வரும். "அதுவும் நல்லதுக்குத்தான். இன்னும் ஒரு பட்டை போடலாம்."

வெள்ளிக்கிழமை ஞானாம்பிகை தங்கையைப் பார்க்கப் போனாள். பத்மாசினி பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கில் காலை நீட்டி இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அக்கா, அத்தான் இன்னும் குதிக்கிறாரோ?"

ஞானாம்பிகை வெட்கத்தோடு குனிந்து தங்கையின் காலைப் பிடித்துவிட்டாள்.

"வாத்தியார் வந்து கரும்பலகையைத் துடைச்சுப்போட்டுப் போறார். ஒண்டும் சொல்லேல்லை. நான் அதிலைதான் சீலை காயப்போடுறனான்." பத்மாசினி சிரித்தாள். "மரத்துக்குக் கீழையெண்டாலும் பரவாயில்லை அக்கா. மழைதான் பயம்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஞானாம்பிகை மனதுக்குள் புருஷனோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அவர் விளக்குமாற்றோடு நின்றதைக் கண்டதும் சண்டையையும் விட்டுவிட்டாள்.

சனி பின்னேரம் ஒழுங்கையில் இருந்த ஐந்து வீட்டுக்கும் போனாள். "நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு இவர் வெளிக்கிடுவார். தயவுசெய்து ஒருத்தரும் வாய் திறக்காதையுங்கோ." பராசக்தியிடம் மட்டும் இரண்டு தரம் சொன்னாள். மீன்காரன் வீட்டுக்கும் ஆள் அனுப்பினாள்.

ஞாயிறு ஆறு மணி. இருமல் மருந்துப் போத்தல் வெளியே வந்தது, எஞ்சின் உறுமியது, பிக்கப் வாசல் படலையைத் தாண்டியது. ஒழுங்கை முழுக்கப் படலைக்கு ஒருவராகச் சனம் நின்றது. பராசக்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆழ்வாப்பிள்ளை வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

சீவரத்தினம் பிறேக்கை மிதித்தார்.

"என்ன, சனம் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்குது?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம்," என்றாள் படலையில் நின்ற ஞானாம்பிகை. "நான் சொல்லிப்போட்டு வந்தனான். போயிட்டு வாங்கோ."

அவர் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் நாற்றம் ஒழுங்கை முழுக்கப் பரவியது. ஞானாம்பிகை கிட்டப்போய்ப் பார்த்தாள். இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"இழுத்துப் பாத்த அண்டைக்கு," என்றார் தாழ்ந்த குரலில், "பின்பக்கம் பதிஞ்சு முன்பக்கம் எழும்பிட்டுது. ஸ்ரியறிங் கையிலை இல்லையப்பா. ஒருத்தி புல்லுக்கட்டோடை எதிரை வந்தவ. நான் ஸ்ரியறிங்கை வெட்டித் திருப்பினன். வண்டி வெட்டேல்லை. அவ தானாய்த்தான் வேலியோடை ஒதுங்கினவ."

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் போகவேண்டாம் எண்டு சொல்லுவீர்."

ஞானாம்பிகை இரண்டு கிழமைக் கோபத்தையும் அங்கேயே விட்டாள்.  சுற்றிப்போய் மற்றக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நீர் எங்கை..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"முன்னுக்குப் பாரம் வேணும் எண்டால் பாரம் இஞ்சை கிடக்கு. காணாட்டி ஆழ்வார் அண்ணையும் ஏறட்டும்."

ஆழ்வாப்பிள்ளை இரண்டாம் தரம் கூப்பிடக் காத்திருக்கவில்லை. "இண்டைக்காவது முன்னுக்கு இருக்க விட்டியள்," என்று சொல்லி நெருக்கியடித்து ஏறினார். ஞானாம்பிகை நடுவில் மூச்சு விட இடமில்லாமல் இருந்தாள்.

புத்தூரில் கரவனின் வெள்ளைக் கூரை ஹெலியின் கண்ணில் படாதபடி கிடுகால் மூடிக் கட்டி, கொளுக்கியில் பூட்டினார்கள். வால் கொஞ்சம் பதிந்து நின்றது. முன்சில்லு நிலத்தை விடவில்லை. அதன்பிறகு நீர்வேலி, உரும்பிராய் என்று நடை வேகத்தில் வந்தார்கள். சைக்கிள்காரர் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். ஹெலிச் சத்தம் கேட்டு ஒரு மாமரத்தின் கீழ் அரை மணித்தியாலம் ஒதுங்கி நின்றார்கள்.  ஒவ்வொரு வளைவிலும் ஞானாம்பிகையின் கை அவளை அறியாமல் கதவைத் தேடிப் போய் ஆழ்வாப்பிள்ளையின் தொடையைப் பிடித்தது. அவர் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் பராசக்தி காலையில் இருந்து அடக்கிவைத்த வாயைத் திறந்தாள். "எங்கையிருந்து வாறியள்?" வருகிறவர்களைக் கேட்பதில் பிழையில்லை.

பின்னேரம் புருஷனின் சைக்கிளில் பத்மாசினி வந்து இறங்கினாள். முற்றத்தில் நின்ற கரவனின் நாலு மூலைக்கும் கல்லு முண்டு கொடுத்திருந்தது. அவள் ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் கதவையும் பிடித்துப் படியில் ஏறினாள். வீடு இம்மியளவு சரிந்து பிறகு நிலைத்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டு, "அக்கா, யன்னல் இருக்கு," என்றாள்.

வெளியே சீவரத்தினம் பிக்கப்பின் பின்சில்லடியில் குந்தினார். காதில் இருந்த ஈர்க்கை எடுத்து விட்டுப் பார்த்தார். ஞானாம்பிகை இடுப்பில் கை வைத்து அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றாள்.

அவர் எழும்பி, குசினிச் சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, அதன் கட்டைச் சற்றுத் தளர்த்தி ஈர்க்கை உள்ளே செருகி, அடிப்பக்கத்தை நிலத்தில் இரண்டு தரம் தட்டிச் சமப்படுத்தி, இருந்த இடத்திலேயே சாத்தினார்.