கதவை உடைக்க ஒரு காரணம்

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் வாடகைக்கு இருந்தான். நல்ல பனிக்காலம். வெள்ளி மாலை எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வருவதாகச் சொன்னவன் வரவில்லை. சனி முழுக்கப் போன் அடித்துப் பார்த்தேன். அவன் எடுக்கவில்லை. வேலை செய்த பேக்கரியில் கேட்டால், அங்கும் வரவில்லை என்றார்கள். ஞாயிறு காலை நானும் கணவரும் பஸ் பிடித்துப் போய் அந்த வீட்டின் பக்கக் கதவைத் தட்டினோம். தட்டினோம் என்ன, கை வீங்கும்வரை நான் அடித்தேன்.

உள்ளே சத்தமில்லை. ஜன்னலைப் பாதி பனியும் மீதி திரையும் மூடியிருந்தன. வாசல் பனியில் ஒரு காலடிகூட இல்லை. மேலே குடியிருந்த வீட்டுக்காரர்கள் ஒரு கலியாணத்துக்கு மொன்றியல் போயிருந்தார்கள். கதவை உடைப்போம் என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். எங்கடை கேஸ் முடியாத நேரத்திலை அடுத்தவன்ரை வீட்டை உடைச்சா என்ன நடக்குமெண்டு தெரியுமோ?" என்றார் கணவர். எங்கள் அகதி வழக்கு அப்போது இழுபறியில் கிடந்தது.

எதிர்வீட்டில் ஒரு தமிழ் அங்கிள் இருந்தார். அவர் வீட்டுப் போனில் பொலிசைக் கூப்பிட்டோம். எங்களுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் அவரே கோட்டை மாட்டிக்கொண்டு மொழிபெயர்க்கவும் வந்தார்.

வந்த பொலிஸ்காரர் இளம்பொடியன். கதவைத் தட்டினார், வீட்டைச் சுற்றினார், ஜன்னலுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நிதானமாக ஏதோ சொன்னார்.

"பிள்ளை, தம்பி வளர்ந்த ஆளாம். ரெண்டு நாள் போன் எடுக்காதது குற்றமில்லையாம்," என்றார் அங்கிள். "சும்மா ஒரு ஆளின்ரை வீட்டுக்கை பூர ஏலாதாம். ஜட்ஜிட்டை வாறன்ட் எடுக்கிறதெண்டா, குற்றம் ஏதோ நடந்திருக்கெண்டு நம்பக் காரணம் வேணுமாம். இல்லாட்டி, உள்ளுக்கை உயிருக்கு ஆபத்தெண்டு நம்ப ஒரு காரணம் வேணுமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் ஆமிக்காரன் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது எந்தக் காரணமும் தேடவில்லை. அரிசிப் பானைக்குள்ளும் துவக்கை விட்டுக் கிண்டினான். இங்கே நானே உள்ளே போ, உடை என்று கெஞ்சுகிறேன், இவர் நின்று சட்டம் பேசுகிறார். அந்தச் சட்டத்தை நம்பித்தான் இந்த நாட்டுக்கு வந்தோம் என்பதெல்லாம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பொலிஸ்காரர் கேள்வி கேட்டார். தம்பிக்கு நோய் ஏதும் உண்டா? மனக்கவலை? யாரோடும் சண்டை?

நான் வாய் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். "ஒரு வருத்தமும் இல்லை. நல்ல சுகதேகி."

தம்பிக்கு வலிப்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொடங்கியது. மருந்து எடுத்தால் வராது. ஆனால் அந்த நாட்களில் அவனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். பெண்வீடு பக்கத்தில், வோபர்னில். பெண்ணின் தகப்பனும் இந்த அங்கிளும் ஒரே கோயில் நிர்வாகசபையில் இருந்தார்கள். வலிப்பு என்ற சொல் அங்கிள் காதில் விழுந்தால் பின்னேரப் பூசைக்கு முன் அது வோபர்ன் போய்ச் சேர்ந்துவிடும். கணவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். எங்கள் சனத்துக்கு உயிரைவிடச் சம்பந்தம் பெரிது.

ஏதும் தெரிந்தால் திரும்ப அழைக்கச் சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் காரை நோக்கி நடந்தார். அவர் கார்க் கதவைத் திறந்ததைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு கத்தினேன்.

"அங்கிள், அவரை நிக்கச் சொல்லுங்கோ! தம்பிக்கு வலிப்பு. வெள்ளியோடை அவன்ரை மருந்து முடிஞ்சுது. நான் வாங்கி வைச்சது இஞ்சை என்னட்டைத்தான் கிடக்கு, அதை எடுக்கத்தான் வெள்ளி வாறனெண்டவன்!"

கைப்பையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினேன். அங்கிள் என் கணவரின் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லுங்கோ அங்கிள்! பிறகு ஊர் முழுக்கச் சொல்லுங்கோ. முதல் உந்தப் பொலிஸ்காரனுக்குச் சொல்லுங்கோ!"

சொன்னார். பொலிஸ்காரர் போத்தலை வாங்கித் தம்பியின் பெயரைப் படித்தார். எப்போதிலிருந்து மருந்தில்லை என்று மட்டும் கேட்டார். பிறகு வோக்கியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டபடியே கதவுக்கு ஓடினார்.

"இப்ப வாறன்ட் தேவையில்லையோ?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"உயிர்க் காரியமெண்டால் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லையாம்," என்றார் அங்கிள்.

கதவு பிளந்து விழுந்தது. உள்ளே நுழைந்ததும் குளியலறை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே தம்பி செருகுண்டு கிடந்தான். தோள் கழன்றிருந்தது, உதட்டில் இரத்தம் காய்ந்திருந்தது. மூச்சு இருந்தது. நான் அந்த நிலத்திலேயே குந்தி ஓவென்று அழுதேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண் திறந்தான். கணவர் கட்டில் ஓரத்தில் நின்றார். கடித்துப் புண்ணான நாக்கோடு தம்பி மெதுவாகப் பேசினான்.

"அக்கா, நீங்கள் கதவு அடிச்சது கேட்டது. கத்திக் கத்திப் பாத்தன், சத்தம் வரேல்லை. பொலிஸ் வந்ததும் கேட்டது."

"சரி ராசா, கதையாதை," என்றேன்.

"அத்தான் எனக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொன்னதும் கேட்டது. அதோடை நான் கத்துறதை விட்டிட்டன்."