அப்பாவின் பெயருக்கு முன்னால்

என் பதினேழாவது வயதில் அப்பா ஒரு விண்ணப்பத் தாளில் இறந்துபோனார். அப்போது அவர் குடகுப் பக்கம் ஏதோ ஒரு காப்பித் தோட்டத்தில் உயிரோடுதான் இருந்தார். இறந்ததாக எழுதியது என் கை. அழகான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

சேர்வராயன் மலையில், வெள்ளக்கடையைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே மேஸ்திரி. அம்மா களை எடுக்கவும் பழம் பறிக்கவும் போவார். நான் ஒரே பிள்ளை. நான் எட்டாவது படிக்கும்போது, குடகில் கூலி கூடுதல் என்று கேள்விப்பட்டு அப்பா ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பிப் போனார். முதல் வருடம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு. பிறகு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் போய்வருகிறவர்களை எல்லாம் அம்மா நிறுத்தி விசாரிப்பார். "மடிக்கேரி சந்தையில பாத்தேனுங்க" என்பார் ஒருவர். இன்னும் கொஞ்சம் கேட்டால், "பாத்த மாதிரி இருந்துச்சுங்க" என்று இறங்கிவிடுவார்.

ப்ளஸ் டூ வந்த புதிது அது. எங்கள் மிஷன் பள்ளியில் அந்த வருடம் நான்தான் முதல் மார்க். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்தது. ஃபீஸும் ஹாஸ்டலும் அம்மாவின் கூலிக்கு எட்டாது. தலைமை ஆசிரியை எங்கிருந்தோ ஓர் அறக்கட்டளையின் படிவத்தை வரவழைத்துக் கொடுத்தார். படிப்பு முடியும்வரை எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்கிறவர்கள். தகப்பனார் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு சான்று வைக்க வேண்டும்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் நல்ல மனிதர். இங்கிலீஷில் எழுதினால்தான் காகிதத்துக்கு மதிப்பு என்று நம்புகிறவர். அப்பா இப்போது இந்தத் தோட்டத்தில் இல்லை என்று எழுத நினைத்தவர், 'நோ மோர்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். செத்துப்போனவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தலைமை ஆசிரியைக்குத் தெரியும். சான்றைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அவர் தவறிப்போன விஷயத்தை இத்தனை நாள் சொல்லவே இல்லையே. அப்பா இல்லாத பிள்ளைன்னா அவங்க கட்டாயம் கொடுப்பாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். மேசைக்குக் கீழே என் விரல்களைப் பிடித்து அழுத்தினார்.

"சொல்ற மாதிரி இல்லீங்க டீச்சர்" என்றார்.

ஆசிரியை இன்னொரு படிவத்தை எடுத்துக் கொடுத்து, அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று சேர்த்து எழுதச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மை காயட்டும் என்று அவர் தாளை ஜன்னல் ஓரமாக வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

அன்று சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உங்கப்பன் ஊட்ல இருந்திருந்தா உன்னைப் படிக்க வெச்சிருக்க மாட்டாரா? இல்லாமயாச்சும் படிக்க வெக்கட்டும்."

ஜூன் மாதம் சேலத்தில் நேர்காணல். தாயாரும் கூட வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அம்மாவிடம் ஒரு வெள்ளைச் சேலை உண்டு, பெரிய வெள்ளிக்கும் திருவிருந்துக்கும் கட்டுவது. அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்து லைன் அக்கா ஒருத்தி, "ஏனுங்க, இன்னைக்கு என்ன விசேசம், வெள்ளச் சீல கட்டியிருக்கறீங்க?" என்றாள்.

"பாப்பா காலேஜு விசயமா சர்ச்சுக்காரங்களப் பாக்கோணும்" என்றார் அம்மா.

கழுத்தில் தாலி இருந்தது. சிலுவை போட்ட சின்னத் தாலி, மஞ்சள் கயிற்றில். பஸ் மலையிறங்கும்போது, பாதி வளைவுகள் தாண்டியதும், அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே கைவிட்டு முடிச்சை அவிழ்த்தார். வெகுநேரம் பிடித்தது. எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்தார்.

"நீ வெச்சுக்க கண்ணு. என்கிட்ட இருந்தா கை அதுக்கே போவும்."

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பருத்திச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாள், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், குறிப்பெழுத ஒரு குமாஸ்தா. மார்க்கைப் பற்றிக் கேட்டார்கள், எனக்கு என்னவாக விருப்பம் என்று கேட்டார்கள். பிறகு பேராசிரியர் தணிந்த குரலில், "அப்பா எப்படிம்மா இறந்தார்?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று நாங்கள் இருவரும் நினைத்திருக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன்.

"மரத்துல இருந்து விழுந்துட்டாருங்க சார். மழைக்கு முந்தி காப்பிக்கு நெழல் கழிப்பாங்க. சில்வர் ஓக் மரத்துல ஏறிக் கிளை வெட்டிட்டிருந்தாருங்க. சேர்வராயன் கோயில் திருவிழா முடிஞ்ச மறுவாரம். மூணு வருசம் ஆச்சுங்க."

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நிற்கவும் இல்லை. கிளை முறிந்த சத்தத்தைச் சொன்னேன். ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுபோனதைச் சொன்னேன். வயதான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது பேசினாராம்மா?" என்றார்.

"என்னைப் படிக்க வெக்கச் சொன்னாருங்க."

அம்மா அழ ஆரம்பித்தார். நடிப்பு அவருக்கு வராது. வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, நான்கு வருடத்துக்கும் சேர்த்து அழுதார். குமாஸ்தா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மேலே ஏற ஏற மூட்டம் அடர்ந்துகொண்டே வந்தது. தாலியைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் சாய்ந்திருந்த அம்மா, தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"எந்த மரம்?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. "பம்ப் ஹவுஸுக்கு மேல, திருப்பத்துல நிக்குமே, அதும்மா."

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். மறுநாளிலிருந்து வேலைக்கு அந்தப் பாதையில் போவதை விட்டுவிட்டார். நானும்தான்.

உதவி கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்தேன். ஹாஸ்டல் ரெஜிஸ்டரில் 'லேட்', லைப்ரரி கார்டில் 'லேட்'. ஒவ்வொரு வருடமும் உதவியைப் புதுப்பிக்கப் படிவம் வரும், கூடவே நன்றிக் கடிதம் எழுத வேண்டும். தந்தையை இழந்த எனக்கு என்று தொடங்குவேன். எழுத எழுத அந்தச் சாவு வளர்ந்தது. மரத்தடியில் அவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார், துண்டு எந்தக் கிளையில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. கனவிலும் வந்தது. விழித்துக்கொண்டு, இல்லை, அப்பா எங்கோ இருக்கிறார் என்று சொல்லிக்கொள்வேன். அவர் உயிரோடிருக்கும் முகத்தை நினைத்துப் பார்த்தால் மட்டும் சரியாக வராது. வகிடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று மறந்துபோயிருந்தது.

மூன்றாம் வருடம், ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "உனக்கு விசிட்டர்" என்று ஆயா வந்து சொன்னார். அம்மாவாக இருக்கும் என்று ஓடினேன். வராந்தாவில் வார்டன் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு உள்ளே, வேப்ப மரத்தடியில், துணிப்பையோடு அப்பா நின்றிருந்தார்.

மெலிந்து, தலை நரைத்து, சட்டை தொளதொளவென்று. என்னைக் கண்டதும் அவர் உதடு கோணியது. ஓர் அடி முன்னால் வைத்தார். நான் நகரவில்லை. கத்திவிடுவேன் என்று பயந்தேன். செத்தவர் எழுந்து வந்திருக்கிறார் என்றுதான் முதலில் என் உடம்பு நினைத்தது. அதன் பிறகுதான் அறிவு வேலை செய்தது.

"யாரும்மா இவர்?" என்றார் வார்டன். "அப்பான்னு சொல்றார். உன் ஃபைல்ல அப்பா காலமாயிட்டார்னு இருக்கே?"

"பெரியப்பாங்க மேடம்" என்றேன். "எங்க ஊர்ல பெரியப்பாவையும் அப்பான்னுதான் கூப்பிடுவோம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வார்டன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"ஆமாங்க. இதோட அப்பன் எனக்குத் தம்பிங்க. பாவம், போயிட்டான்."

வார்டன் தலையசைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். நாங்கள் மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பை நிறைய ஆரஞ்சு. எங்கள் மலையிலேயே காய்க்கிற பழத்தைக் குடகிலிருந்து சுமந்து வந்திருந்தார். ஒன்றை எடுத்து உரித்து, நார் நீக்கி, சுளையை என்னிடம் நீட்டினார்.

"எப்ப செத்தேன் சாமி?" என்றார் மெதுவாக.

சொன்னேன். எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு மரம் ஏறவே வராதே."

நான் அழுதேன். வார்டன் நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பாவைக் கண்டதும் செத்துப்போன அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணியிருப்பார்.

இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் சேலத்தில் படிப்பதை ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டாராம். "உங்கம்மா முன்னால தனியாப் போயி நிக்க தைரியம் வரலை கண்ணு. உன்னையுங் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போலாம்னு வந்தேன்." பிறகு கேட்டார். "இன்னும் எத்தனை நாள் படிப்பு?"

"எட்டு ஒம்போது மாசம் இருக்குப்பா."

யோசித்தார். "செரி. அதுக்குள்ள நான் மேல வந்து நின்னா நாலு பேருக்குத் தெரியும். உன் டீச்சருக்குத் தெரியும். வேண்டாம். நீ முடிச்சுப்போடு, அப்பறம் வாறேன்."

"வேண்டாம்ப்பா, வாங்க போலாம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குள் பதற்றம் அடங்கியது. அந்த ஆறுதலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. விலாசம் கேட்கவும் தோன்றவில்லை. பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மாவிடம் சொன்னேன். கல்லில் கிடந்த தோசையை வெறித்துக்கொண்டிருந்தார். அது கருகியது. "நொம்ப எளைச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. அப்பா வரவில்லை. மே, ஜூன். அம்மா அவருக்கென்று புது வேட்டி எடுத்து வைத்திருந்தார். ஆகஸ்ட் மாதம், குடகில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய வெள்ளக்கடைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"மாசி மாசமே போயிட்டாருங்க. நெஞ்சுச் சளி. மூணே நாள்தான். அங்கயே பொதச்சுட்டாங்களாமுங்க."

எந்தக் கல்லறைத் தோட்டம் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சின்னச் சர்ச், பக்கத்தில் ஓடை என்றார். மாசி மாதம் நான் ஹாஸ்டலில் செமினார் தயார் செய்துகொண்டிருந்தேன். எந்த நாள் என்று இப்போதும் தெரியாது.

பிறகு டியூஷன் எடுத்து, பி.எட். முடித்து, மலையிலேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருட லீவில் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அந்த வயதான அம்மாள் காலமாகியிருந்தார். பேராசிரியர் மட்டும் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"இப்ப எதுக்கும்மா இதைச் சொல்றே?" என்றார்.

"தெரியலீங்க சார்."

பேனாவை மூடி வைத்தார். "அந்த வருஷம் எங்ககிட்ட ஒரே இடம்தான் இருந்தது. இன்னொரு பொண்ணும் உங்க மலையில இருந்துதான் வந்திருந்தா. அப்பா போய் நாலு மாசம்தான் ஆகியிருந்தது. எப்படி இறந்தார்னு கேட்டோம். வாயே திறக்கலை. என்ன கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நீ நல்லா பேசினே."

"எந்த ஊருங்க சார் அவங்க?"

"கரடியூர்ப் பக்கம்னு ஞாபகம். பேர் மறந்துடுச்சு."

திட்டவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

என் பள்ளிக்குக் கரடியூரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஜூன் மாதம் சேர்க்கைக்குத் தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள், காப்பிப் பழக் கறை போகாத விரல்களோடு. என் வயதில் ஒருத்தி வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டால், எனக்குப் பேனா ஓடாது. அவளுடைய பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதுவேன். அவளைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.