தேங்காய் எண்ணெய் குடித்த வாஷர்

ஒரு சனிக்கிழமை மாலை மகளின் பொம்மைத் துப்பாக்கி சுட மறுத்தது. கைப்பிடியை எட்டுத் தடவை இழுத்து அழுத்திக் காற்றேற்றினாலும் ஸ்பாஞ்ச் குண்டு அவள் காலடியிலேயே விழுந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி காம்பவுண்டில், பக்கத்துக் கட்டடமான பி விங் பிள்ளைகளோடு ஆட்டம். அங்கே ஒரு சட்டம் உண்டு: துப்பாக்கி இல்லாதவர் மற்றவர்கள் சுட்ட குண்டுகளைப் பொறுக்க வேண்டும். அவளுக்கு வயது ஒன்பது. பொறுக்க மாட்டாளாம்.

ஆறு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பம்ப் தண்டின் முனையில் இருந்த ரப்பர் வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. காற்று அந்த வழியாகத்தான் நழுவுகிறது. எனக்கு இது புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பம்ப் ஸ்டவ் இப்படிச் சோர்ந்தால் அதன் வாஷரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவோம். கப்பென்று காற்றைப் பிடித்துக்கொள்ளும். இதற்கும் விட்டேன். தாராளமாக.

"நாளைக்கு சீயக்காயும் உண்டா?" என்றாள் மனைவி.

உடனே சுட்டுக் காட்டினேன். குண்டு ஹாலைத் தாண்டி டிவியில் பட்டது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்தாள்.

காலையில் கைப்பிடி அசையவில்லை.

"பூரா ஜாம் பண்ணிட்டே அப்பா" என்றாள் மகள். அழவில்லை, அதுதான் கவலையாக இருந்தது.

தாராவியில் கேஸ் ஸ்டவ், குக்கர், தண்ணீர் ஃபில்டர் பழுது பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஞாயிறன்று மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பார்; மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அவர் குறடால் தண்டை உருவி, வாஷரை விரலில் எடுத்து முகர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, தேங்காண்ணெயா?"

"பம்ப் ஸ்டவ்வுக்கு அதைத்தானே விடுவோம்?"

"அது தோல் வாஷர்லா. எண்ணெயக் குடிச்சா பதமாவும். இது ரப்பர், குடிச்சா வீங்கிரும். பேப்பர் ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் சேதி சொல்லுதிய, இது தெரியாதா?"

"அங்கிள், அஞ்சு மணிக்குள்ள ஆயிடுமா?" என்றாள் மகள்.

"ஆயிரும் தாயி. அப்பாவ மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

தள்ளி நின்றேன். ஃபில்டருக்குப் போடும் வாஷர்களில் மூன்றாவது பொருந்தியது. பம்ப் குழாயை எண்ணெய் போகத் துடைத்து, ஃபில்டருக்குத் தடவும் வெள்ளைக் கிரீஸை நெல்மணியளவு தடவினார். கைப்பிடி வழுக்கிக்கொண்டு போய்ப் பாதியில் கெட்டியாக நின்றது. காற்று பிடித்துவிட்டது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைந்தோம். எங்கள் இரண்டாவது மாடி வீட்டிலிருந்து ஆட்டத்தைப் பார்த்தேன். அவள் சுட்ட முதல் குண்டு பி விங் தலைவியின் தோளில் பட்டது. இரண்டாவது நிமிடம், தன்னைவிடச் சின்னவள் ஒருத்தி சுட்டதில் மகளே அவுட்.

வியர்த்து மேலே வந்தாள்.

"துப்பாக்கி எப்படி?" என்றேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ். அடுத்த தடவை ரிப்பேர் ஆனா நேரா அங்கிள்கிட்டயே போயிடலாம். நீ பஸ் டிக்கெட் மட்டும் எடு, போதும்."